வாசலில் நிற்கும் டிரைவர்



கணினியில் பொருத்தப்படும் நெட்வொர்க் கார்டு போன்ற கருவிகள் பலவற்றினுள் ஒரு சிறு செயலியும், அதனை இயக்கும் ஃபர்ம்வேர் என்னும் நிரலும் இருக்கின்றன. நாம் பயன்படுத்தும் சாதாரண நிரல் அந்த ஃபர்ம்வேருக்குக் கட்டளை அனுப்ப விரும்பினால், கணினியின் ஆட்சிப் பீடமாகிய கெர்னலின் வழியாகவே அனுப்ப வேண்டும். அந்த வாசலில் நிற்கும் காவலாளிதான் டிரைவர். புதிய டிரைவர் ஒன்றைச் சேர்ப்பதற்குமுன் அதனைப் பரிசீலிப்போர் எவற்றைக் கவனிக்கின்றனர் என்பதை இன்று காண்போம்.

முதலாவது, அளவு. அனுப்புவோர் கூறும் நீளத்தை அப்படியே நம்பலாகாது. ஐந்து பைட்டைக் கொடுத்துவிட்டு இருபது என்று கூறினால், மீதிப் பதினைந்தும் வேறொருவருடைய இரகசியமாக இருக்கலாம் அல்லவா? 2014-இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீடு என்னும் பிழை, கெர்னலைச் சேர்ந்ததன்று. ஆயினும் அதன் வேர் இதுவேயாகும். சொன்ன நீளத்தை நம்பியதால், ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை நினைவகத்திலிருந்து கசிந்தது.

இரண்டாவது, பிரதி. கட்டளையை அனுப்பியவரின் நினைவகத்தில் வைத்தே சோதித்துவிட்டு, மறுபடியும் அங்கிருந்தே எடுப்பது ஆபத்தானது. இடைப்பட்ட நொடிப்பொழுதில் அதே நிரலின் இன்னொரு பகுதி அதனை மாற்றிவிடலாம். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த காவலாளி முதுகைத் திருப்பியதும் உள்ளிருக்கும் சரக்கு மாறிவிடுவதைப் போன்றது இது. ஆகவே, கட்டளையை ஒரே தடவை கெர்னலின் நினைவகத்துக்குப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியையே சோதித்து, அதனையே அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, அதிகாரம். இதுவே மிகக் கடினமானது. கருவிகள் பல, மையச் செயலியின் துணையின்றியே நினைவகத்தில் நேராக எழுத வல்லவை. கணினியின் நிர்வாகியேயானாலும் கெர்னலை மாற்றவொண்ணாதபடி தடுக்கும் 'லாக்டவுன்' என்ற ஏற்பாடு, 2019-இல் லினக்ஸ் 5.4-இல் சேர்ந்தது. ஃபர்ம்வேர்க் கட்டளை ஒன்று நினைவகத்தில் எங்கு வேண்டுமானாலும் எழுதுமாயின், அந்தப் பூட்டு இருந்தும் பயனில்லை.

இதற்கு ஒரு வரம்பு வகுக்கவே, 2025-இல் லினக்ஸ் 6.15-இல் 'எஃப்டபிள்யூசிடிஎல்' என்ற பொதுப் பகுதி சேர்க்கப்பட்டது. அது கட்டளைகளை நான்கு தரமாகப் பிரிக்கிறது: அமைப்பு மாற்றம், சோதனைக்காகப் படித்தல், சோதனைக்காக எழுதுதல், முழு உரிமையுடன் எழுதுதல். கடைசித் தரத்துக்குத் தனி உரிமை வேண்டும். ஆனால், ஒவ்வொரு கட்டளையின் உட்பொருளையும் கெர்னல் அறியாது. ஆதலால் ஃபர்ம்வேரும் அவ்வரம்பைக் காக்க வேண்டும். பரிசீலிப்போர் கேட்பது இதுதான்: பட்டியலில் இல்லாத கட்டளை வந்தால் டிரைவர் என்ன செய்யும்? 'மறுக்கும்' என்பதே ஏற்கத்தக்க விடை.

டிரைவர் சரியாக இயங்குகிறதா என்று சோதிப்பது பாதி வேலைதான், நேயர்களே. தீய எண்ணமுடையவர் அதன்முன் வந்து நின்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்ப்பதே மறுபாதி.