பெரிய எழுத்தில் கணக்கு

ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களே, பெற்றோரே, இன்றைய தகவல் உங்களுக்குத்தான்.

கண்ணாடி போட்டும் எழுத்து மங்கலாகவே தெரிகிற பிள்ளைகள் உண்டு. இதைக் குறைப்பார்வை என்பார்கள். கதையில் ஒரு சொல் தெரியாவிட்டால் பிள்ளை ஊகித்துக்கொள்ளும். கணக்கில் அது நடக்காது. 5இன் தலையில் நிற்கும் சின்ன 2 சரியாகத் தெரியாவிட்டால், 25 வரவேண்டிய இடத்தில் 52 வந்துவிடும். தசமப் புள்ளி மறைந்தால் 3.5 என்பது 35 ஆகிவிடும். உடனே, "இவனுக்குக் கணக்கு ஏறாது" என்று முடிவுகட்டிவிடுகிறோம். பெரிய அநியாயம் அது.

இதற்கு ஒரு வழி, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பது. இலவசப் பாடநூலின் பக்கத்தை டவுன் கடையில் ஏ4இலிருந்து ஏ3க்குப் பெருப்பித்து போட்டோ கொப்பி எடுத்தால் எழுத்து ஏறக்குறைய 1.4 மடங்காகும். ஆனால் கவனம்! 5 சென்ரிமீற்றர் கோடும் 7 சென்ரிமீற்றர் ஆகிவிடும். "அடிமட்டத்தால் அளந்து எழுதுக" என்ற கேள்விக்கு விடை மாறிப்போகும். கோணம் மட்டும் மாறாது. ஆகவே அளக்கச் சொல்லும் கேள்விகளை ஆசிரியரே கறுப்புப் பேனாவால் தடித்த கோடாக, சரியான அளவில் வரைந்து கொடுப்பது நல்லது. கணினியில் தட்டச்சு செய்தால் எழுத்து 18 புள்ளிக்குக் குறையக் கூடாது. தலையில் வரும் சுட்டி எண்ணும் பின்னமும் அதே அளவு பெரிதாக இருக்கட்டும். வெளிச்சம் குறைந்த பனிமூட்ட நாளில் பிள்ளையை ஜன்னலோரம் உட்காரவையுங்கள்.

சாதாரண தரப் பரீட்சையில் இப்படியான பிள்ளைகளுக்குப் பெரிய எழுத்து வினாத்தாளும் மேலதிக நேரமும் கேட்கலாம். கண் வைத்தியரின் சான்றிதழோடு, அதிபர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.