ஆங்கிலக் கட்டுரையும் பால் மரமும்

(சித்தியவானில் தோட்டத்துப் பெற்றோர்களுக்கு ஆற்றிய உரை)



"எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது; பிள்ளையின் ஆங்கிலக் கட்டுரைக்கு நாங்கள் எவ்வாறு உதவ இயலும்?" என்று பெற்றோர் பலர் எங்களிடம் வினவுவதுண்டு. அதற்கு விடை கூறவே இன்று வந்துள்ளோம்.

முதலில் எங்கள் குறையைக் கூறிவிடுகின்றோம். ஆசிரியர்களாகிய நாங்கள் பல்லாண்டுகள் மாணவர்களை மனப்பாடம் செய்ய வைத்தோம். 'கடற்கரையில் ஒரு நாள்' என்ற கட்டுரையை வகுப்பு முழுவதும் ஒரு சொல் பிறழாமல் எழுதிற்று. ஒரு தேர்வில் ரப்பர் கிடைக்கும் விதத்தை எழுதுமாறு கேட்டிருந்தனர். பள்ளி விடுமுறையில் தாயுடன் நிரைக்குச் சென்று ஒட்டுப்பால் பொறுக்கிய மாணவன், அன்று வெறுந்தாளைக் கொடுத்தான். அவனுக்குச் செய்தி தெரியாமலில்லை. தெரிந்ததை எழுதும் வழியை நாங்கள்தாம் காட்டவில்லை.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. 1980-ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஜே. ஆர். மார்ட்டின், ஜோன் ரோத்தரி ஆகியோர் தொடக்கப்பள்ளி மாணவர்களின் எழுத்தை ஆராய்ந்தனர். கதையும் நடந்ததைக் கூறுதலுமே மிகுந்திருந்தன. தகவல் கூறும் எழுத்து அரிதாகவே காணப்பட்டது. ஆகவே ஒரு முறை வகுக்கப்பட்டது. முதலில் நல்ல கட்டுரை ஒன்றின் அமைப்பைக் காணுதல். பின்னர் ஆசிரியரும் மாணவரும் கூடிக் கரும்பலகையில் ஒன்றை எழுதுதல். அதன் பிறகே மாணவன் தனித்து எழுதுதல். வீட்டில் ஆங்கிலம் பேசாத குடியேறிகளின் பிள்ளைகளுக்கும் அம்முறை கற்பிக்கப்பட்டது.

கூடி எழுதுமுன் செய்தி திரட்ட வேண்டும். அங்கேதான் உங்கள் உதவி தேவைப்படுகின்றது.

விடியுமுன் மரம் சீவுவது ஏன் என்று பிள்ளை கேட்டால், "வெயில் ஏறினால் பால் நின்றுவிடும்" என்பீர்கள். அது சரியான விடை. அதன் காரணத்தை நாங்கள் புத்தகத்தில் காட்டுவோம்: குளிர்ந்த வேளையில் பட்டையிலுள்ள பால் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும், வெயிலில் இலைகள் நீரை வெளிவிடுவதால் அது குறையும். தாயின் சொல்லும் புத்தகத்தின் காரணமும் சேர்ந்தால் ஒரு பத்தி ஆயிற்று. உளி ஆழமாக இறங்கினால் மரத்திற்கு என்ன கேடு, மங்கில் விழுந்த பால் எப்படி உறைகின்றது என்பனவற்றையும் கேட்கட்டும். ரப்பர் கன்றுகள் 1877-இல் நடப்பட்ட கோலகங்சார் நம் பேராக்கிலேயே இருக்கின்றது. அதுவும் ஒரு வரியாகலாம்.

இனி மொழி. 'நேற்று அம்மா மரம் சீவினார்' என்பது கதை. 'மரம் அதிகாலையில் சீவப்படுகின்றது' என்பது தகவல். ஆங்கிலத்திலும் அவ்வாறே, செய்தவரை விட்டுவிட்டு, 'த லேட்டக்ஸ் இஸ் கலெக்டட்', அதாவது பால் சேகரிக்கப்படுகின்றது என்று எழுதுவர். இந்த அமைப்பைப் பழக்குவது எங்கள் பொறுப்பு.

யாருக்காக எழுதுவது என்பதும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். இவ்வட்டாரத்தில் செம்பனை பெருகிவிட்டது. உளியைக் கண்ணால் காணாத மாணவரும் வகுப்பில் உள்ளனர். அவர்களுக்குப் புரியும்படி எழுதுவதே அவன் வேலை.

இவ்வாரம் தமிழில் ஐந்து வினாக்கள் எழுதிய நோட்டுப் புத்தகம் வீட்டுக்கு வரும். உங்களுக்கு எழுத ஓய்வில்லையெனில் வாயால் சொல்லுங்கள், பிள்ளை எழுதிக்கொள்ளட்டும். திங்கட்கிழமை கரும்பலகையில் அதிலிருந்துதான் தொடங்குவோம்.