படிவம் மூன்றிலேயே சாலைப் பாடம் வேண்டும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



இடைநிலைப்பள்ளிகளில் வாகனமோட்டும் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டுமா என்பது இன்றைய கேள்வி. வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால், எதை, எந்த வயதில் கற்றுத் தருவது என்பதையும் சேர்த்தே நாம் பேச வேண்டும்.

நம் நாட்டுச் சாலைகளில் 2016ஆம் ஆண்டு 7,152 பேர் மாண்டனர். 2019இல் 6,167 பேர். இப்படி ஆண்டுதோறும் பலியாவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆகவே, மலேசியாவில் வாகனமோட்டும் கல்வி என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது காரல்ல, மோட்டார் சைக்கிள்தான்.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி மோட்டார் சைக்கிள் ஓட்ட 16 வயதும், கார் ஓட்ட 17 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். 16 வயது என்பது படிவம் 4. ஆனால், நம் தாமான்களில் நடப்பது என்ன? "தம்பி, முக்குக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வா" என்று படிவம் 1 படிக்கும் பிள்ளையிடம் சாவியைக் கொடுப்பது யார்? நாம்தானே! "பள்ளியே பிள்ளைகள் கையில் சாவியைக் கொடுக்கலாமா?" என்று எதிரணி நண்பர் கேட்டார். ஐயா, சாவி எப்போதோ கைக்கு வந்துவிட்டது. பாடம்தான் இன்னும் வரவில்லை.

அமெரிக்காவில் 1930களிலிருந்தே உயர்நிலைப்பள்ளிகளில் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்து வந்தார்கள். 1970களின் இறுதியில் ஜார்ஜியா மாநிலத்தின் டிகால்ப் மாவட்டத்தில் 16,000க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் தொடக்கத்தில் சிறிது பலன் தெரிந்தது, அது நீடிக்கவில்லை. கனெக்டிகட் மாநிலத்தில் சில வட்டாரப் பள்ளிகள் இந்தப் பாடத்தை நிறுத்தியபோது 16, 17 வயதில் உரிமம் எடுப்போர் குறைந்தனர். அந்த வயதினரின் விபத்துகளும் குறைந்தன.

"அப்படியானால் பாடமே வீண்தானே?" என்று கேட்பீர்கள். வண்டியை நகர்த்தக் கற்றுக் கொடுத்து, சீக்கிரம் உரிமம் வாங்க வழிகாட்டினால், இளம் வயதிலேயே அதிகம் பேர் சாலைக்கு வருவார்கள். அந்த ஆய்வுகள் காட்டிய ஆபத்து இதுதான். எனவே, மூன்று நிபந்தனைகளோடுதான் நான் இந்தப் பாடத்தைக் கேட்கிறேன்.

முதலாவது, பாடம் படிவம் 3இல் தொடங்க வேண்டும். உரிமம் எடுக்கும் வயதுக்கு முன்னரே, படிவம் 3க்குப் பிறகு படிப்பை விட்டுவிடும் பிள்ளைக்கும் அது கிடைத்தாக வேண்டும்.

இரண்டாவது, உரிமம் வழங்குவது சாலைப் போக்குவரத்து இலாகாவின் வேலையாகவே இருக்கட்டும். பள்ளியில் படித்தார் என்பதற்காக வயதிலோ தேர்விலோ சலுகை கூடாது.

மூன்றாவது, கியர் மாற்றுவதை விட ஆபத்தை அறிவதற்கே முதலிடம் தர வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். இரண்டு விநாடி கைப்பேசியைப் பார்த்தால் 33 மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக் கொண்டு கடந்ததாகப் பொருள். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். லோரி ஓட்டுநரின் கண்ணுக்குப் படாத பக்கங்கள் எவை, வாரைப் பூட்டாத தலைக்கவசம் ஏன் பயன்படாது என்பதெல்லாம் பாடமாக வேண்டும். நியூசிலாந்து 1987இல் படிப்படியான உரிம முறையைக் கொண்டு வந்தபோது, இளையோர் இரவில் ஓட்டுவதையும் நண்பர்களை ஏற்றிச் செல்வதையும் கட்டுப்படுத்தியது. அந்தக் காரணத்தையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

ஆசிரியர்களுக்கு இது கூடுதல் சுமை என்ற கவலை நியாயமானதே. ஆனால், சாலைப் பாதுகாப்புக் கல்வி மொழிப் பாடத்தின் வழி ஏற்கெனவே நம் பள்ளிகளுக்குள் வந்துவிட்டது. மேலே சொன்ன வேகக் கணக்கை அறிவியல் ஆசிரியர் சொல்லலாம். புறப்பாட நேரத்தில் போக்குவரத்துப் போலீசாரையும் மருத்துவமனை அவசரப் பிரிவினரையும் அழைத்துப் பேச வைக்கலாம்.

பெற்றோர்களே, பள்ளியில் பாடம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உரிமம் இல்லாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். ரொட்டிக் கடைக்கு நடந்தே போகட்டும். பத்து நிமிடம் தாமதமானாலும் பிள்ளை வீடு வந்து சேருவான்.