முதுகெலும்பு அறுவைச் சிகிச்சையும் நாம் எடுத்த முடிவும்

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது பள்ளிவாசல் பேஷ் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வழக்கமாக இக்கூட்டத்தில் மக்தப் மாணவர்களின் தேர்ச்சியைப் பற்றியே நாம் பேசுவோம். இவ்வாண்டு நமது முதுகைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தார் கேட்டுக் கொண்டார்கள். கடந்த ரமளான் முதல் இஷாவுக்கும் ஃபஜ்ருக்கும் இமாம் ஏன் முன்னால் நிற்பதில்லை, ஆபரேஷன் முடிந்துவிட்டதா, அல்லது ஆள் படுத்தே விட்டாரா என்றெல்லாம் தேநீர்க் கடை வரை பேச்சு நடப்பதாகவும், அதற்கு நாமே விளக்கம் சொல்லிவிடுவது நலம் என்றும் அவர்கள் கருதினார்கள். அது சரியே. மஹல்லாவில் முதுகுவலி இல்லாத வீடு அரிது என்பதால் நமது அனுபவம் சிலருக்கேனும் பயன்படலாம்.

வலி ரஜப் மாதத்தில் தொடங்கியது. முதலில் இடுப்பில் மட்டும் இருந்தது. ஷஅபானில் வலது பிட்டத்திலிருந்து கெண்டைக்காலின் வெளிப்புறமாக இறங்கிப் பெருவிரல் வரை எரிச்சலாக மாறியது. நாம் எவரிடமும் சொல்லவில்லை. ரமளானில் தராவீஹ் தொழுகையின் பன்னிரண்டாவது ரக்அத்தைத் தாண்டும்போது காலில் நெருப்பை வைத்தது போல் இருக்கும். அப்போதும் மறைத்தோம். மறைத்ததை இன்று ஒரு சிறப்பாகச் சொல்ல வரவில்லை; அது நமது தவறு.

அந்நாட்களில் ஒன்றைக் கவனித்தோம். ருகூஉவில் குனிந்ததும் கால் எரிச்சல் தணியும். நிமிர்ந்து நிலைக்கு வந்ததும் மீண்டும் மூளும். ஸஜ்தாவில் ஆறுதல், நிலையில் வேதனை. பார்த்தவர்களெல்லாம் “குனியாதீர்கள் ஹஜ்ரத், நாற்காலி போட்டுக் கொள்ளுங்கள்” என்றார்கள். நமக்கு நேர்ந்ததோ அதற்கு நேர்மாறு. இச்செய்தியே பின்னர் மருத்துவருக்குப் பெரிதும் உதவியது.

நோயின் பெயர் ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ். பெயர் நீளமானதே தவிர பொருள் எளியது. இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று தனக்குக் கீழுள்ளதன் மீது முன்னோக்கி நழுவி விடுகிறது. இதனை டிஸ்க் விலகல் என்று பலரும் சொல்கிறார்கள்; அது வேறு. டிஸ்க் என்பது எலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை. இங்கே நழுவியது எலும்பே. முதியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, மூட்டுத் தேய்மானத்தால் நான்காவது முள்ளெலும்பு நழுவுவது மிகுதி. நம்மைப் போன்றோருக்கு ஐந்தாவது முள்ளெலும்பின் பின்புறமுள்ள மெல்லிய எலும்புப் பாலத்தில் இளமையிலேயே விரிசல் விழுந்திருக்கும். பல்லாண்டுகள் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் அவ்வழியே வெளிவரும் நரம்பு நெரியத் தொடங்கும். நரம்பு வெளிவரும் துவாரம் குனியும்போது சற்று விரிகிறது, நிமிரும்போது குறுகுகிறது. ருகூஉவில் நமக்குக் கிடைத்த ஆறுதலின் காரணம் அதுவே.

ஷவ்வாலில் நாம் சென்ற முதல் மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார். “எலும்பு நழுவி இருக்கிறது. திருகு போட்டு இணைத்து விடலாம். அடுத்த வாரமே வாருங்கள்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படியொரு சிகிச்சை உண்டு. எனினும் நமது காலைத் தொட்டும் பார்க்கவில்லை. நழுவல் என்ற சொல் அன்றிரவு நம்மை உறங்க விடவில்லை. தும்மினால் மீதியும் நழுவிவிடுமோ என்று அஞ்சிப் படுத்திருந்தோம்.

செய்தி பரவியதும் ஜமாஅத் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு சாரார் மறுநாளே பணம் திரட்டத் தொடங்கினார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. மறு சாரார், முதுகில் கத்தி பட்டவன் எழுந்ததில்லை என்று தங்கள் உறவினர் கதைகளைக் கொண்டு வந்தார்கள். எலும்பை எண்ணெய் போட்டு அழுத்தி இடத்தில் உட்கார வைத்து விடுவதாகச் சொன்ன ஒருவரிடமும் நம்மை அழைத்துச் சென்றார்கள். நழுவிய முள்ளெலும்பை வெளியிலிருந்து அழுத்தி உள்ளே தள்ள இயலாது. நரம்பு நெரிந்திருக்கும் இடத்தில் முரட்டுத்தனமாக அமுக்குவது ஆபத்து. அங்கிருந்து மரியாதையாக விடைபெற்றோம்.

இஸ்திகாரா செய்தீர்களா என்று பலர் கேட்டார்கள். செய்தோம். ஆனால் கனவில் பச்சை தெரிந்ததா, சிவப்பு தெரிந்ததா என்று அடுத்த கேள்வி வந்தது. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த ஹதீஸில் கனவைப் பற்றிய பேச்சே இல்லை. இரண்டு ரக்அத் தொழுது, நலமானதை எளிதாக்கித் தருமாறு வேண்டுவதே அது. விசாரிக்க வேண்டியதை விசாரிக்காமல் கனவுக்காகக் காத்திருப்பதற்கு அதில் இடமில்லை. நாம் விசாரித்தோம்.

இரண்டாவது மருத்துவர் நம்மைக் குதிகாலால் நடக்கச் சொன்னார், பிறகு நுனிக்காலால். பெருவிரலைத் தம் விரலால் அழுத்தி, எதிர்த்துத் தூக்கச் சொன்னார். சிறுநீர் தடையின்றிப் போகிறதா, அமரும் இடத்தில் மரப்பு உண்டா என்று கேட்டார். நின்றபடி குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுக்கச் செய்து எலும்பு அசைகிறதா என்று அளந்தார். எம்.ஆர்.ஐ. படத்தில் நரம்பைக் காட்டினார். நழுவலின் அளவை நான்கு படிகளாகப் பிரிக்கும் முறையை மெயர்டிங் என்ற மருத்துவர் 1932-இல் வகுத்தாராம். கீழெலும்பின் அகலத்தில் கால் பங்குக்குள் நழுவியிருந்தால் முதற்படி. நமது நிலை அதுவே. “படியை வைத்து மட்டும் ஆபரேஷன் முடிவு செய்வதில்லை ஹஜ்ரத். நரம்பு என்ன சொல்கிறது, நீங்கள் என்ன செய்ய முடியாமல் போயிற்று, இவ்விரண்டும்தான் முக்கியம்” என்றார் அவர். நமது காலில் வலி இருந்தது, பலம் குறையவில்லை.

அறுவைச் சிகிச்சை என்பது என்ன என்பதையும் அவரே விளக்கினார். நெரியும் நரம்பைச் சுற்றியுள்ள எலும்பை நீக்குவது ஒரு பகுதி. மேலும் கீழும் திருகுகளைச் செலுத்திக் கம்பியால் பிணைத்து, எலும்புத் துகள்களை வைத்து இரண்டையும் ஒரே எலும்பாகக் கூடச் செய்வது மறு பகுதி. கூடுவதற்குப் பல மாதங்கள் ஆகும். புகை பிடிப்பவருக்கு எலும்பு கூடாமலே போகும் வாய்ப்பு அதிகம் (பள்ளிவாசல் வாசலில் பீடி பிடிக்கும் சகோதரர்கள் கவனிக்கவும்). நீரிழிவு கட்டுப்படாதவருக்குச் சீழ் பிடிக்கும் அபாயம் கூடுதல். தண்டுவட உறை கிழிந்து நீர் கசிவது, நரம்பு காயப்படுவது, ஆண்டுகள் கழித்து மேலுள்ள கணு தேய்வது ஆகியவையும் உண்டு. பெரும்பாலோர் எழுந்து நடக்கிறார்கள் என்பதும் உண்மை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்டோம். மதரஸாவில் ஒரு செய்திக்கு ஸனது கேட்டுப் பழகிய நமக்கு இதிலும் அப்படியே கேட்கத் தோன்றியது. நம்மைப் போன்ற விரிசல் வகையினர் 111 பேரைக் கொண்டு சுவீடனில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், எலும்பை இணைத்தவர்கள் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இரண்டாண்டுகளில் நலமாக இருந்தார்கள். நாம் எடுத்த முடிவுக்கு எதிரான சான்று இது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அவர்கள் ஓராண்டுக்கு மேல் வலியில் முடங்கியவர்கள். நமக்கோ அப்போது நான்கே மாதம். சில ஆண்டுகளுக்குப் பின் அந்த வேறுபாடும் குறைந்துவிட்டது. 1997-இல் ஆஸ்திரேலியாவில் இவ்வகை நோயாளிகள் 44 பேரிடம் நடந்த ஆய்வில், அடிவயிற்றின் உள்தசைக்கும் முதுகின் உள்தசைக்கும் தந்த தனிப்பயிற்சி வலியைக் குறைத்து, அந்தப் பலன் 30 மாதங்கள் நீடித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், முதலில் பயிற்சி, பலனில்லையேல் கத்தி என்ற வரிசை நியாயமாகப் பட்டது.

எல்லோருக்கும் இதே விடை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நமது ஜமாஅத்தில் ஒரு மூதாட்டி இருக்கிறார்கள். தேய்மான வகை. வீட்டிலிருந்து இரண்டு மின்கம்பம் நடப்பதற்குள் இரு கால்களும் கனத்துத் திண்ணை தேடி அமர்ந்து விடுவார்கள். பயிற்சி, ஊசி எல்லாம் ஓராண்டு பார்த்தும் பலனில்லை. நரம்புக்கு இடம் ஏற்படுத்தும் சிகிச்சை மட்டும் செய்தார்கள், திருகு போடவில்லை. தேய்மான வகையில், எலும்பு பெரிதாக அசையாதவருக்கு இணைப்பு தேவையில்லாமலே போகலாம் என்பதற்கு 2021-இல் வெளியான நார்வே ஆய்வு ஆதாரம். அதில் 267 பேர். இன்று அந்த அம்மா மீன் கடைக்கு நடந்தே போகிறார்கள். அவர்கள் செய்து கொண்டதும் சரி, நாம் செய்து கொள்ளாததும் சரி.

நமக்கு இதில் இன்னொரு கவலையும் இருந்தது. மூலநோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஆகவே நமது தொழுகைக்கு வழி உண்டு. இமாமத்துக்கு? ஹனஃபி மத்ஹபில், அமர்ந்தாலும் ருகூஉ ஸுஜூதை நிறைவேற்றும் இமாமின் பின்னால் நின்று தொழலாம். நாற்காலியில் அமர்ந்து சைகையால் தொழுபவரின் பின்னால், ருகூஉ ஸுஜூது செய்ய வல்லவர்கள் தொழ முடியாது. ஷாஃபிஈ மத்ஹபில் இதில் தாராளம் உண்டெனினும் நமது பள்ளிவாசல் ஹனஃபி. ஆக, நாற்காலி என்பது நமக்கு வேலையை இழப்பது. பதினேழு ஆண்டுகளாக நின்ற இடம் அது. சீக்கிரம் ஆபரேஷன் செய்து மிஹ்ராபுக்குத் திரும்ப வேண்டும் என்ற அவசரமும், கத்தி பிழைத்துவிட்டால் மிஹ்ராபே போய்விடும் என்ற அச்சமும் நம்மை இருபுறமும் இழுத்தன. இரண்டும் பிழைப்பைப் பற்றிய பயம். முதுகைப் பற்றியவை அல்ல என்பதை நமது துணைவியார்தான் எடுத்துச் சொன்னார். “சம்பளத்தை ஒருபுறம் வையுங்கள். கால் என்ன சொல்கிறது என்று மட்டும் பாருங்கள்” என்றார்.

அதன் பின் முடிவு எளிதாயிற்று. இப்போதைக்கு அறுவைச் சிகிச்சை இல்லை. எந்நிலையில் செய்து கொள்வோம் என்பதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்திருக்கிறோம். பாதம் தொங்கினாலோ, கால் பலம் குறைந்து கொண்டே போனாலோ மருத்துவரைத் தாமதமின்றிப் பார்ப்பது. சிறுநீர் அடைத்தாலோ, தன்னையறியாமல் மலம், சிறுநீர் போனாலோ, அமரும் இடம் மரத்தாலோ, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்வது. அதில் மஷ்வராவுக்கே இடமில்லை, மணிக்கணக்கில் தாமதித்தாலும் நிரந்தர ஊனம் நேரலாம். இவை எதுவும் இல்லாமல் வலி மட்டும் குறையாவிட்டால், ஆறு மாதப் பயிற்சிக்குப் பின் மீண்டும் யோசிப்பது.

துல்கஅதாவில் தொடங்கிய பயிற்சி நான்கு மாதங்களாக நடக்கிறது. நாளொன்றுக்கு அரை மணி நேரம். ஏழு கிலோ எடையும் குறைந்துள்ளது (வலீமா விருந்துகளில் நமது தட்டைப் பார்த்து வருந்துவோர் பொறுத்துக் கொள்ள வேண்டும்). பெருவிரல் எரிச்சல் போய்விட்டது. கெண்டைக்காலில் மாலை வேளையில் மட்டும் மிச்சம் இருக்கிறது. எலும்பு நழுவிய இடத்திலேயேதான் இருக்கிறது. பயிற்சி அதைத் திருப்பி இழுக்காது.

ளுஹர், அஸர், மஃரிப் மூன்றையும் நாமே நடத்துகிறோம். நீண்ட கிராஅத் உள்ள ஃபஜ்ரும் நாளின் முடிவில் வரும் இஷாவும் உதவி இமாமின் பொறுப்பில் உள்ளன. அவர் பின்னால் இரண்டாம் வரிசையில் நாம் நிற்பதைக் கண்டு அவரை எவரும் கிண்டல் செய்ய வேண்டாம்; அவருடைய ஓதல் நம்முடையதைவிட நன்று. ரஜப் மாதத்தில் மறுபரிசோதனை உள்ளது. வரும் ரமளானில் தராவீஹை எவர் நடத்துவது என்பதை அதன் பிறகு முடிவு செய்து கொள்ளலாம். இரண்டு ஹாஃபிழ்களை இப்போதே பேசி வைப்பது நிர்வாகத்துக்கு நல்லது.

திரட்டிய பணம் பொருளாளரிடம் அப்படியே இருக்கிறது. நமக்குத் தேவைப்படும் வரை அதனைப் பூட்டி வைக்க வேண்டாம் என்றும், கொடுத்தவர்களிடம் அனுமதி கேட்டு, ஆபரேஷன் தேதி குறிக்கப்பட்டும் பணமின்றிக் காத்திருக்கும் நமது மஹல்லாக்காரர் ஒருவருக்கு வழங்கிவிடலாம் என்றும் கேட்டுக் கொள்கிறோம். பெயரைப் பொருளாளர் அறிவார். நமக்கு வேண்டியது மக்தபில் ஒரு மேசையும் நாற்காலியும் மட்டுமே. பாயில் இரண்டு மணி நேரம் சம்மணமிட்டு அமர்வதை மருத்துவர் தடுத்திருக்கிறார்.

வஸ்ஸலாம்.