மஞ்சள் நீரும் மகவேற்பும்

(வலிகாமம் பகுதிச் சனசமூக நிலையமொன்றின் ஆண்டு விழாவில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இவ்விழாவிலே அரசியல் பேசுமாறு என்னைப் பணித்தனர். யான் பேசப்போவதும் அரசியலே. ஆயின் கொழும்பிலே நடப்பதன்று, நம் வீட்டு முற்றத்திலே நடப்பது.

பிறந்த நாளாயினும் திவசமாயினும் நம்மவர் சிறுவர் இல்லமொன்றுக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுக்கின்றனர். வெளிநாட்டிலுள்ள மக்கள் காசு அனுப்ப, நாம் கிடாரத்தோடு சென்று பரிமாறி, படமும் எடுத்துக்கொண்டு திரும்புகின்றோம். அதனைப் பழிக்க யான் வரவில்லை. ஆனால் வரிசையில் அமர்ந்திருக்கும் அப்பிள்ளை பிறருடைய பிறந்த நாட்கள் எத்தனையைக் கண்டிருக்கும், தன்னுடையது என்றென்று அதற்குத் தெரியுமா என்று நாம் வினவியதுண்டா? அங்குள்ளோரிற் பெரும்பாலோர் தாய் தந்தை இருவரையும் இழந்தவருமல்லர். வறுமையும், 2009 இல் முடிவுற்ற போரும், தாய் வெளிநாட்டு வேலைக்குச் சென்றமையும், தந்தையின் மறுமணமும் அவர்களை அங்கே சேர்த்தன. இவர்களுட் பலருக்கு வேண்டுவது புதிய தாய் தந்தையர் அன்று. சொந்த வீடு நிமிரும் வரை, தம் ஊரிலேயே ஒரு வீடு.

சட்டம் இதற்கு இரு வழிகளை வைத்திருக்கின்றது. 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பாதுகாப்பு வேண்டிய பிள்ளையை உறவினரிடமோ தகுதியான வேறொருவரிடமோ ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு. அது காவல், பிறப்புரிமை மாறுவதில்லை. மற்றது 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டம். மகவேற்பவர் 25 வயது நிரம்பியவராகவும், பொதுவாகப் பிள்ளையிலும் 21 வயதேனும் மூத்தவராகவும் இருத்தல் வேண்டும். பெற்றோரின் சம்மதமும், பத்து வயது கடந்த பிள்ளையாயின் அதன் சம்மதமும் வேண்டும். கைமாறாகக் காசு பெறுதல் கூடாது. கட்டளை பிறந்தபின் அப்பிள்ளை அவர்களுடைய பிள்ளையே.

இவ்வளவு எளிய காரியத்தை நம்மவர் செய்வதில்லை. "எங்கள் பிள்ளையைப்போல வளர்க்கின்றோம், கடதாசி எதற்கு?" என்கின்றனர். அப்படிச் சொன்ன ஒருவருடைய வீட்டு வழக்கு என்னிடம் வந்தது. வன்னியிலிருந்து வந்த சிறுமி ஒருத்தியை அவரும் மனைவியும் ஆண்டுக்கணக்காக வளர்த்தனர். மனைவி முன்னே போனார். பின்னர் அவரும் மரணசாதனம் எழுதாமலே மாரடைப்பிற் போனார். முப்பத்தொன்றுக்கு வந்த சகோதரர் காணி உறுதியோடு வந்தனர். அப்பாவென்று அழைத்தவரின் சொத்தில் அப்பெண்ணுக்குச் சட்டத்திலே ஒரு பரப்பும் இல்லை. வாதாட என்னிடம் அனுதாபம் இருந்தது, ஆவணம் இருக்கவில்லை.

நம் முன்னோர் இதில் நம்மிலும் விவேகிகள். 1707 இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமையிலே சுவீகாரத்துக்கு இடமிருந்தது. எடுப்போர் மஞ்சள் நீர் அருந்துவர். உரிமைக்காரர் அந்நீரில் விரல் நனைத்துத் தம் இசைவைக் காட்டுவர். நனையாதவரின் உரிமை நனையாதபடியே நிற்கும். அவ்வழக்கம் ஒழிந்துவிட்டது, அதனை மீட்கவேண்டும் என்றும் யான் சொல்லேன். ஆனால் சுற்றத்தைக் கூட்டி, முகத்துக்கு முகம் கேட்டுவிடும் அந்த ஒழுங்கு, பின்னாலே வரும் எத்தனையோ வழக்குகளைத் தடுக்கவல்லது.

இனி, கசப்பான பேச்சொன்று. பிள்ளை வேண்டுமென்று என் அலுவலகத்துக்கு வருவோர் சிலர், வயதையோ உடல்நலத்தையோ கேட்குமுன், "அது எந்த ஆட்களுடைய பிள்ளை?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கின்றனர். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் வந்தது. கோயிலிலும் தேநீர்க் கடையிலும் கேட்க அஞ்சுவதைத் தொட்டிலருகே நின்று கேட்கின்றோம். இக்கேள்வியோடு வருபவர்க்கு யான் மனு எழுதுவதில்லை.

ஏற்ற குடும்பங்கள் ஏன் இடையிற் கைவிடுகின்றன என்பதையும் நோக்குதல் வேண்டும். மிளகாய்க் கன்றைப் பிடுங்கி நட்டால் முதற் சில நாள் வெயிலுக்கு மறைப்புக் கட்டுகின்றீர்கள். நண்பகலில் வாடிக் கிடப்பதைக் கண்டு பட்டதென்று பிடுங்கி எறிவதில்லை. இடம் மாறிய பிள்ளையும் பொய் சொல்லும். சோற்றை ஒளித்து வைக்கும். இரவிலே படுக்கையை நனைக்கும். அவ்வேளையில் அயலவர் வந்து, "பிறத்தியார் பிள்ளை பிறத்தியார் பிள்ளைதான்" என்கின்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக்கேட்டே வளர்ப்புத் தாயின் மனம் சலிக்கின்றது. ஏற்கெனவே பிள்ளை வளர்த்த தாயொருத்தி அடுத்த வேலியிலிருந்து, "என்னுடையதும் இப்படித்தான் செய்தது, விடு" என்று சொல்வாளாயின், அதற்கு ஈடான ஊக்கம் வேறில்லை. புதிய குடும்பங்களைச் சேர்ப்பதற்கும் அவளே தகுந்தவள். துண்டுப் பிரசுரத்தைப் பார்த்துப் பிள்ளை எடுத்தவரை யான் கண்டதில்லை. அயல்வீட்டைப் பார்த்து எடுத்தவரைக் கண்டிருக்கின்றேன்.

அரசியல் என்றேனே, அது இதுதான். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் நன்னடத்தையையும் சிறுவர் பராமரிப்பையும் மாகாணங்களின் அதிகாரப் பட்டியலில் வைத்தது. காணி அதிகாரத்துக்கும் பொலிஸ் அதிகாரத்துக்கும் மேடைதோறும் முழங்கினோம், முழங்கியது சரியே. இந்த அதிகாரத்தைக் கொண்டு என்ன செய்தீர்களென்று எம்மை ஒரு வாக்காளரேனும் கேட்டாரில்லை, நாமும் சொன்னோமில்லை. என் கட்சிக்காரரும் இதற்கு விலக்கல்லர்.

இச்சனசமூக நிலையத்தை யான் வேண்டுவது சிறிது. மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் கூடி, இவ்வூரில் மூன்று குடும்பங்களையாவது நன்னடத்தை அலுவலரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் வீட்டைப் பார்ப்பார், வருமானத்தைக் கேட்பார். அதனை அவமானமாகக் கொள்ளாதீர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் துணையாக இரண்டு வீடுகளைக் குறியுங்கள்: அறுவடைக் காலத்திலே பிள்ளையை ஒரு பொழுது பார்க்க, பள்ளிக்கு ஏற்றிச் செல்ல. மனு எழுதவும் மன்றில் தோன்றவும் யான் கட்டணம் வாங்கேன். ஞாயிறுதோறும் காலை எட்டு மணிமுதல் இவ்வாசிகசாலையில் இருப்பேன். அடையாள அட்டையையும் விவாகப் பதிவுத் துண்டையும் கொண்டு வாருங்கள்.