கறியும் இதயமும்



இன்றைய பேச்சு கறியைப் பற்றியது. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, எருமைக்கறி, பன்றிக்கறி ஆகியவற்றைச் சிவப்பு இறைச்சி என்று சொல்வார்கள். கோழியும் மீனும் இந்தக் கணக்கில் வராது. "இதயத்துக்குக் கறி ஆகாது" என்று பலர் சொல்கிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை? கறி சாப்பிடுகிறவர்கள் எப்படிச் சாப்பிட்டால் இதயத்துக்குக் கெடுதல் குறையும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் காண்பதே இந்தப் பேச்சு.

கறியே சாப்பிடாத குடும்பங்கள் உண்டு. மாட்டுக்கறி மட்டும் சாப்பிடாதவர்களும் உண்டு. அவரவர் வழக்கம் அவரவருக்கு. யாரையும் புதிதாகக் கறி சாப்பிடச் சொல்லவில்லை. சாப்பிடுகிறவர்கள் விவரம் தெரிந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு வீட்டில் இரண்டு நோய்

ஏலப்பாறை, இடுக்கி மாவட்டத்தில் பீர்மேடு தாலுகாவில் இருக்கிறது. சுற்றிலும் தேயிலை மலை. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே உழைத்து வருகின்றன. இங்கே ஒரு லயத்தில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கணவருக்கு வயது 50. அவருக்கு இரத்தத்தில் கொழுப்பு கூடிவிட்டது. மனைவி கொழுந்து எடுக்கிறார். கூடையோடு மேடு ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. கண் இமையின் உட்புறம் வெளுத்திருக்கிறது. அவருக்கு இரத்தசோகை.

"கொழுப்பைக் குறையுங்கள்" என்று கணவரிடம் டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வருவதற்குள் அது "கறியை நிறுத்துங்கள்" என்று மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கறி நின்றது. ஆனால் பரோட்டா நிற்கவில்லை. எண்ணெய்ப் பலகாரம் நிற்கவில்லை. ஊறுகாயும் பீடியும் நிற்கவில்லை. கணவருக்குக் கொழுப்பு அப்படியே இருந்தது. மனைவிக்கோ, வாரம் ஒரு நாள் கறியிலிருந்து கிடைத்து வந்த இரும்புச்சத்தும் போயிற்று.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இரண்டு நோய்களும் கற்பனை அல்ல. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை. மாரடைப்பும் இந்தப் பகுதி மக்களுக்குச் சீக்கிரமே வருகிறது. 52 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், இந்தியா உள்ளிட்ட தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு சுமார் 53 வயதில் வந்தது. மற்ற நாட்டவர்களுக்குச் சுமார் 59 வயதில் வந்தது. ஆறு ஆண்டு வித்தியாசம்! உழைத்துக் குடும்பத்தைக் காக்கும் வயதில் வருகிற நோய் இது.

கொழுப்பு என்ன செய்கிறது?

இதயம் ஒரு தசை. அதற்கும் இரத்தம் வேண்டும். அந்த இரத்தத்தைச் சிறு குழாய்கள் கொண்டுவருகின்றன. இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் அதிகமானால் அது குழாய்ச் சுவரில் படியும். குழாய் மெல்ல மெல்லக் குறுகும். ஒரு நாள் அங்கே இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடும். அதுதான் மாரடைப்பு. புகையிலை, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் ஆகியவையும் இந்தக் குழாய்களைக் கெடுக்கின்றன.

எல்லாக் கொழுப்பும் ஒரே மாதிரி அல்ல. குளிரில் உறைந்து கட்டியாகும் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும். இதை நிறைவுற்ற கொழுப்பு என்பார்கள். கறியின் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருக்கும் கொழுப்பில் இது அதிகம். நெய், வெண்ணெய், வனஸ்பதி, பாமாயில் ஆகியவற்றிலும் இது உண்டு. தேங்காயெண்ணெயில் 100 பங்குக்கு ஏறத்தாழ 90 பங்கு இந்த வகைதான். மலைக்குளிரில் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

கறியிலா, எண்ணெயிலா?

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. அது நெடுங்காலமாக வெளியிட்டு வந்த உணவு அட்டவணை தரும் விவரம் இது. 100 கிராம் எருமைக்கறியில் கொழுப்பு சுமார் 1 கிராம். மாட்டுக்கறியின் சதையில் சுமார் 2.6 கிராம். வெள்ளாட்டுச் சதையில் சுமார் 3.6 கிராம். செம்மறியாட்டுக் கறியில் சுமார் 13 கிராம். சதையாக எடுத்தால்தான் இந்தக் கணக்கு. கொழுப்போடு சேர்த்து எடுத்தால் அளவு பல மடங்கு ஏறும்.

அரை கிலோ மாட்டுச் சதை வாங்கினால் அதில் கொழுப்பு சுமார் 13 கிராம். அதை வறுக்க நாலு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் ஊற்றுகிறீர்கள். ஒரு கரண்டிக்கு 14 கிராம் என்றால் நாலு கரண்டிக்கு 56 கிராம். அதாவது கறியில் இருந்ததைவிட நாலு மடங்குக் கொழுப்பு சட்டியில் சேர்ந்துவிட்டது. மேலே தேங்காய்க் கொத்து வேறு. தொட்டுக்கொள்ள மைதாப் பரோட்டா. பழி மட்டும் கறியின் தலையில்!

அமெரிக்காவில் ஒரு சோதனை

கொழுப்பு நீக்கிய கறியைச் சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் குறையுமா? அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இதைச் சோதித்தார்கள். முடிவு 2012இல் வெளிவந்தது.

கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்த 36 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒவ்வோர் உணவு முறையையும் ஐந்து வாரம் சாப்பிட்டார்கள். ஒரு முறையில் தினமும் சுமார் 113 கிராம் கொழுப்பில்லாத மாட்டுக்கறி இருந்தது. கூடவே காய்கறி, பழம், தவிடு நீக்காத தானியம், கொழுப்பு குறைந்த பால் ஆகியவையும் இருந்தன. நிறைவுற்ற கொழுப்பைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். வழக்கமான அமெரிக்க உணவைச் சாப்பிட்டபோது இருந்ததைவிடக் கெட்ட கொலஸ்ட்ரால் 100க்கு 10 பங்கு குறைந்தது. கறியைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டிய வேறொரு முறையிலும் ஏறத்தாழ அதே அளவுதான் குறைந்தது.

இதைக் கேட்டு ஏமாந்துவிடவும் கூடாது. அந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது மாட்டுக்கறித் தொழிலின் நிதி. சேர்ந்தவர்கள் 36 பேர்தான். அளந்தது கொலஸ்ட்ராலை, மாரடைப்பை அல்ல. பல ஆயிரம் பேரைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வுகளும் உண்டு. சிவப்பு இறைச்சியை மிக அதிகமாகச் சாப்பிடுகிறவர்களிடம் இதய நோய் கூடுதலாக இருப்பதாக அவை சொல்கின்றன. உப்புப் போட்டுப் பதப்படுத்திய இறைச்சியில் இந்தத் தொடர்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

ஆக, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் பாடம் இதுதான்: கொழுப்பு நீக்கிய கறி, அளவான கறி, காய்கறியோடு சேர்ந்த கறி. இப்படிச் சாப்பிட்டால் இதய உணவில் கறிக்கும் ஓர் இடம் உண்டு.

எவ்வளவு சாப்பிடலாம்?

உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் ஓர் அளவு சொல்லியிருக்கிறது. சமைத்த சிவப்பு இறைச்சி ஒருவருக்கு வாரத்துக்கு 350 முதல் 500 கிராம் வரை போதும். அதற்கு மேல் வேண்டாம் என்பது அந்த அளவு. புற்றுநோயை மனதில் வைத்துச் சொன்னது இது. அளவோடு நிற்க இதயத்துக்கும் இது உதவும்.

ஞாயிறு தோறும் அரை கிலோ கறி எடுக்கிறது ஒரு குடும்பம். சாப்பிடுகிறவர்கள் ஐந்து பேர். ஆளுக்குப் பச்சையாக 100 கிராம். வெந்தால் சுமார் 70 கிராம். இது அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. இந்தக் குடும்பம் கறிக்காகப் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் தினமும் மாலையில் கடையில் ஒரு தட்டு வறுவல் சாப்பிடுகிறவர் கதை வேறு. தட்டுக்கு 100 கிராம் என்றால் வாரத்துக்கு 700 கிராம். எல்லை தாண்டிவிட்டது. அதோடு எண்ணெய், உப்பு. சிலருக்குக் கூடவே மதுவும்.

வாங்கும்போதும் சமைக்கும்போதும்

கறிக்கடையில் வாய் திறந்து கேளுங்கள். "அண்ணே, கொழுப்பு இல்லாமல் தொடைக்கறியாகப் போடுங்க" என்று சொல்லுங்கள். ஓரத்தில் ஒட்டிய வெள்ளைக் கொழுப்பை வீட்டில் கத்தியால் நீக்குங்கள்.

கறியை மஞ்சள், இஞ்சி, பூண்டு, மிளகு போட்டு முதலில் வேகவையுங்கள். நேரம் இருந்தால் குழம்பை ஆறவிடுங்கள். ஏலப்பாறைக் குளிரில் கொழுப்பு மேலே ஆடையாக உறைந்து நிற்கும். கரண்டியால் அதை வழித்து எடுத்துவிட்டு மறுபடி சூடாக்குங்கள். கப்பையும் எலும்புக்கறியும் சேர்த்துக் கிண்டுகிறவர்களும் எலும்பை முதலில் இப்படி வேகவைத்துக் கொழுப்பை எடுத்துவிடலாம்.

வறுவலைவிடக் குழம்பு மேல். கரண்டி கணக்கு வைத்து எண்ணெய் ஊற்றுங்கள். அரை கிலோவுக்கு ஒரு கரண்டி போதும். குழம்பில் முருங்கைக்காய், வாழைக்காய், கொண்டைக்கடலை சேருங்கள். குழம்பு பெருகும், செலவும் குறையும். தட்டில் கறி ஒரு பங்கு என்றால் காய்கறி இரண்டு பங்கு இருக்கட்டும்.

உப்புக்கண்டம்

மலைப்பகுதியில் கறியை உப்பிட்டு உலர்த்தி வைக்கும் வழக்கம் உண்டு. தமிழில் உப்புக்கண்டம் என்பார்கள். மலையாளத்தில் உணக்கிறைச்சி என்பார்கள். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் அது நல்ல யோசனை. ஆனால் அதில் உப்பு மிக அதிகம். உப்பு இரத்தக் கொதிப்பைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்கிறது. அது ஒரு சிறு தேக்கரண்டி அளவு. உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் அறிவித்தது. எனவே உப்புக்கண்டம் எப்போதாவது ஒரு துண்டு போதும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

கறியில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதாகச் சேரும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து சேரவும் கறி துணை செய்யும். ஆனால் தேநீர் அதைத் தடுக்கும். தேயிலைத் தோட்டத்தில் தேநீர் குடிக்காமல் இருக்க முடியுமா? குடிக்கலாம். சோறு சாப்பிட்ட கையோடு குடிக்க வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்துக்கொள்ளுங்கள். இரத்தசோகை கடுமையாக இருந்தால் கறி மட்டும் போதாது. சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பல வீடுகளில் சதைத் துண்டு ஆண்களின் தட்டுக்குப் போகிறது. கடைசியில் சாப்பிடும் தாய்க்குக் குழம்புதான் மிஞ்சுகிறது. அதிகம் வேண்டியவருக்குக் கிடைப்பதில்லை. குறைக்க வேண்டியவருக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. அகப்பையைப் பிடிக்கும் கை இதை மாற்றலாம். ஆண்களும் இதை உணர்ந்து நடக்க வேண்டும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள் தங்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கொலஸ்ட்ரால் கூடுதலாக உள்ளவர்கள் மூளை, ஈரல், குடல் ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. உணவை மாற்றிவிட்டோம் என்று யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. பீடியையும் சிகரெட்டையும் விடாமல் கறியை மட்டும் விட்டால் இதயம் தப்பாது.

டாக்டர் "கொழுப்பைக் குறையுங்கள்" என்றால், "எந்தக் கொழுப்பு? எவ்வளவு? கறி சாப்பிடலாமா?" என்று திருப்பிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதிலை ஒரு தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டிவையுங்கள். சமைக்கிறவர் யாராக இருந்தாலும் அதைப் படித்துப் பார்த்துச் சமைக்கட்டும்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் வாரத்துக்கு எவ்வளவு கறி வாங்குகிறீர்கள்? ஆளுக்கு எத்தனை கிராம் வருகிறது?

2. ஒரு மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் செலவாகிறது? அதில் எதைக் குறைக்க முடியும்?

3. கறி சமைத்த அன்று யார் தட்டில் எத்தனை துண்டு விழுகிறது?