உயிரோடு வந்தால் போதுமா? ஆன்லைனில் வாங்கும் கடல் மீன்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரி, பார்க்கிங் என்று பேச வேண்டிய கூட்டத்தில் எனக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கிக் கொடுத்த செயலாளருக்கு நன்றி. காசிமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு மீனைக் கூரியரில் வரவழைக்கிறார்களா என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. நான் பேசப்போவது வஞ்சிரத்தையும் சங்கராவையும் பற்றி அல்ல. கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் கடல் மீன்களைப் பற்றி.

நம் குடியிருப்பில் இப்போது ஐந்து வீடுகளில் உப்புநீர்த் தொட்டி இருக்கிறது. இந்தக் கோடையில் மட்டும் நம் கேட்டுக்கு எத்தனையோ மீன் பெட்டிகள் வந்தன. அதில் ஒன்று, பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளை பொங்கல் காசு, பிறந்தநாள் காசு எல்லாம் சேர்த்து வைத்து வாங்கியது. நான்கு மீன், 6,800 ரூபாய். இரண்டு கோமாளி மீன், ஒரு நீல டேங், ஒரு மாண்டரின். பெட்டியைத் திறந்தபோது நான்கும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் டேங் போனது. ஒரு வாரத்துக்குள் ஒரு கோமாளி மீன் உடம்பெல்லாம் மாவு தூவியதுபோல் ஆகி இறந்தது. மாண்டரின் எதையும் தின்னாமல் மெலிந்து மூன்று வாரத்தில் போனது. விற்றவர் சொன்ன பதில் ஒரே வரி: "உயிரோடுதானே வந்தது சார்?"

புகார் எழுத வேண்டும் என்று அந்தக் குடும்பத்தார் என்னிடம் வந்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவனுக்கு மனு எழுதுவதுதானே தெரியும். அதற்காகக் கொளத்தூர்க் கடைக்காரர்களிடம் விசாரித்தேன், சட்டத்தையும் படித்தேன். தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நன்னீர் மீன் வேறு, கடல் மீன் வேறு. நம் கொளத்தூர், வில்லிவாக்கம் பக்கம் வீட்டு மாடியிலும் கொல்லையிலும் தொட்டி கட்டி கப்பி, மோலி, தங்கமீன், ஃபைட்டர் எல்லாம் குஞ்சு பொரிக்கவைத்து விற்கிறார்கள். அந்த மீன் தொட்டியிலேயே பிறந்து தொட்டியிலேயே வளர்ந்தது. கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை அப்படி இல்லை. பவளப்பாறையில் இருந்து பிடித்து வருகிறார்கள். கோமாளி மீன் ஒரு நல்ல விதிவிலக்கு. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் அதைக் குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டியிருக்கிறார்கள். நீல டேங் மீனைப் பண்ணையில் வளர்க்க முடியும் என்று அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் காட்டியதே 2016-ல்தான். சந்தைக்கு வருவது பெரும்பாலும் இன்றும் கடலில் பிடித்ததுதான்.

பிடிக்கும் முறையிலும் கோளாறு உண்டு. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா கடல்களில் பாறை இடுக்கில் சயனைடைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் 1960-களிலிருந்தே உண்டு. சட்டம் தடுத்தும் முழுக்க ஒழியவில்லை. அப்படிப் பிடித்த மீன் பார்க்க நன்றாக இருந்து, சில வாரங்களில் சாகலாம். பிடிப்பவர், சேகரிப்பவர், ஏற்றுமதி செய்பவர், இறக்குமதி செய்பவர், கடைக்காரர் என்று ஐந்து கை மாறி நம் கைக்கு வருகிறது. ஒவ்வொரு கையிலும் பட்டினி, புதுத் தண்ணீர், புதுப் பயம்.

அடுத்தது, அந்தப் பைக்குள் என்ன நடக்கிறது என்பது. பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதிக்கு ஆக்சிஜன் அடைத்து, தெர்மோகோல் பெட்டியில் வைக்கிறார்கள். பயணத்தில் மீன் விடும் கார்பன் டை ஆக்சைடும் அம்மோனியாவும் அந்தத் தண்ணீரிலேயே சேருகின்றன. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரின் காரத்தன்மையைக் குறைக்கிறது. அந்த நிலையில் அம்மோனியா அதிகம் கெடுதல் செய்யாத அம்மோனியமாக இருக்கும். பையைத் திறந்த உடனே கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும், காரத்தன்மை ஏறும், அம்மோனியம் மறுபடியும் நச்சு அம்மோனியாவாக மாறும். அதனால்தான் ஒரு நாள் இரண்டு நாள் பயணம் செய்து வந்த மீனை, பையைத் திறந்துவைத்துவிட்டு ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்குவது ஆபத்து. கொளத்தூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் கொண்டுவரும் மீனுக்கு அந்த முறை சரி. தூரத்திலிருந்து வருவதற்குச் சரியில்லை.

அப்படியானால் என்ன செய்வது? அனுப்புவதற்கு முன்பே விற்பவரிடம் அவர் தொட்டியின் உப்பு அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடல் நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு, அளவுமானியில் 1.025 காட்டும். ஒட்டுண்ணியை அடக்குவதற்காகப் பல கடைகளில் அதைவிடக் குறைத்து வைப்பார்கள். உங்கள் வீட்டில் ஒரு தனிமைத் தொட்டியை அதே அளவுக்குத் தயாராக வைத்திருங்கள். பெட்டி வந்ததும் விளக்கைக் குறைத்து, பையைத் திறக்காமல் பதினைந்து இருபது நிமிடம் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். வெப்பம் சமமானதும் திறந்து, பைத் தண்ணீரைச் சேர்க்காமல் மீனை மட்டும் மாற்றுங்கள். அந்தத் தொட்டியில் குறைந்தது நான்கு வாரம் வைத்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டிக்கு விடுங்கள். வெண்புள்ளி நோயும், மாவு தூவியதுபோல் வரும் வெல்வெட் நோயும் ஒரு மீனோடு நுழைந்தால் தொட்டி முழுவதையும் காலி செய்துவிடும். அவற்றுக்குக் கொடுக்கும் செம்பு மருந்து இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும் என்பதால் பெரிய தொட்டியில் வைத்தியம் பார்க்க முடியாது.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா? கடைக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று? இப்போது என்ன தீனி தின்கிறது? தின்னும் வீடியோ, இன்றைய தேதியில் எடுத்தது, அனுப்புவீர்களா? நான்காவதுதான் முக்கியம். மாண்டரின் மாதிரி மீன் பெரும்பாலும் பாறையில் ஊரும் நுண்ணிய உயிர்களை மட்டுமே தின்னும். புதுத் தொட்டியில் அதற்குச் சாப்பாடே இருக்காது. அதை ஒரு புதியவருக்கு விற்பதே நியாயமில்லை. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். மூலக்கடை, ரெட்டேரி வழியாகப் போனால் கொளத்தூர். நேரில் போய், தொட்டி முன் நின்று, தீனி போடச் சொல்லிப் பார்த்து வாங்குவதற்கு ஈடு எதுவும் இல்லை.

இனி பணமும் சட்டமும். இது என் தொழில், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விற்பவர்கள் "டி.ஓ.ஏ. கேரண்டி" என்பார்கள். வந்து சேரும்போதே இறந்திருந்தால் மட்டும், அதுவும் இத்தனை மணி நேரத்துக்குள் வீடியோ அனுப்பினால் மட்டும் பணம் என்று அர்த்தம். சாகும் நிலையில் வந்த மீனுக்கு அதில் இடமே இல்லை. ஆகவே, பணம் கட்டும் முன் "வந்த ஏழு நாளுக்குள் நோயால் இறந்தால் என்ன?" என்று எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பெட்டியின் டேப்பைப் பிரிப்பதிலிருந்து நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். பில் கேளுங்கள். தனி நபரின் செல்போன் எண்ணுக்கு யுபிஐ-யில் அனுப்பினால், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம் அது. வங்கி அதைத் திருப்பி எடுத்துத் தராது. கிரெடிட் கார்டில் கட்டினால் தகராறு எழுப்ப ஒரு வழியாவது உண்டு. மீனே அனுப்பாமல் ஏமாற்றினால் உடனே 1930-க்குப் பேசுங்கள்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், 2020-ல் வந்த மின்வணிக விதிகளும் நமக்குத் துணை. ஆன்லைன் நிறுவனம் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது; இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அந்தப் பிள்ளையின் விஷயத்தில் 1915-ல் பதிவு செய்தோம். வீடியோவும் தேதி வாரியான செய்திகளும் இருந்ததால் இரண்டு மீனுக்கான பணம் திரும்பி வந்தது. முழுப்பணம் இல்லை. ஆனால் "உயிரோடுதானே வந்தது" என்ற பதில் அங்கே செல்லவில்லை.

இன்னொரு எச்சரிக்கை, பெற்றோர்கள் கவனிக்கவும். உயிருள்ள பவளம், கடல் குதிரை இவற்றையும் சிலர் ஆன்லைனில் விற்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் 2001-ல் இவை சேர்க்கப்பட்டன. விற்பது மட்டும் குற்றமில்லை, வீட்டில் வைத்திருப்பதும் குற்றம், சிறைவரை போகும். "லைவ் ராக்" என்று விற்பதும் பெரும்பாலும் பவளப்பாறைத் துண்டுதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று பிள்ளைகள் ஆர்டர் போட்டுவிட்டால், வீட்டுக்காரர் பெயரில்தான் வழக்கு வரும்.

கடைசியாக, நம் குடியிருப்புக்குச் சங்கத்தின் முன் நான்கு யோசனைகள் வைக்கிறேன்.

ஒன்று, மீன் பெட்டி வந்தால் செக்யூரிட்டி அதை வெயிலிலோ மோட்டார் அறைப் பக்கமோ வைக்காமல், அலுவலக அறைக்குள் நிழலில் வைத்து வீட்டுக்காரருக்கு உடனே போன் செய்ய வேண்டும். மே மாதப் பகல் இரண்டு மணிக்குக் கேட்டில் கிடக்கும் பெட்டியில் உயிர் தங்காது. ஆர்டர் போட்டவரும் வரும் நாளை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இரண்டு, நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி நிறைய நீர் சுமார் 255 லிட்டர். கண்ணாடி, ஸ்டாண்ட், கல் சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டும். பால்கனியில் வைக்காதீர்கள். அதைவிடப் பெரிதாக வைப்பவர்கள் பொறியாளரைக் கேட்டுவிட்டு வையுங்கள்.

மூன்று, வாரம் 50 லிட்டர் மாற்றினால் ஒன்றே முக்கால் கிலோ உப்பு வெளியே போகிறது. அதைச் செடிக்கோ மாடித் தோட்டத்துக்கோ ஊற்ற வேண்டாம். செடி பட்டுப்போகும்.

நான்கு, காசிமேட்டிலோ எண்ணூரிலோ கேனில் கடல் நீர் பிடித்து வந்து ஊற்ற வேண்டாம். துறைமுகத் தண்ணீரில் டீசல் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. ஆர்.ஓ. நீரில் அதற்கென்று விற்கும் உப்பைக் கலப்பதே பாதுகாப்பு. அதேபோல், வளர்க்க முடியாத மீனைக் கடலில் கொண்டுபோய் விடவும் வேண்டாம். அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் சிங்கமீன் பெருகி, அங்குள்ள மீன்களைத் தின்று தீர்ப்பது, 1980-களில் தொட்டியிலிருந்து கடலுக்குப் போனவற்றால் என்றுதான் கருதுகிறார்கள். வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ, தொட்டி வைத்திருக்கும் வேறு வீட்டாரிடமோ கொடுத்துவிடுங்கள்.

மீன் வளர்ப்பது நல்ல பொழுதுபோக்கு. பிள்ளைகள் செல்போனை விட்டு ஒரு மணி நேரம் தொட்டி முன் உட்காருவதைப் பார்த்தாலே மனசுக்குச் சந்தோஷம். நான் தடுக்கச் சொல்லவில்லை. தொட்டி தயாராகிக் குறைந்தது ஆறு வாரம் ஓடட்டும், பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடியோடு தொடங்குங்கள், அது ஆறு மாதம் நன்றாக இருந்தால் அடுத்ததை யோசியுங்கள். புகார் மனு எழுத வேண்டியிருந்தால் சனிக்கிழமை மாலை சங்க அலுவலகத்தில் இருப்பேன், பில்லோடு வாருங்கள்.